ஜெரோமின் கிதாருக்கு எந்த பிக்கப்

டேனி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் உன்னைச் சத்தியம் பண்ணச் சொன்னபோது நீ சிரித்தாய். “கிதாரை பிளக்ல மாட்டாதேங்கறதுக்கா மாதா மேல சத்தியம்? உனக்கு வயசாயிடுச்சும்மா” என்றாய். சிரித்தாலும் பண்ணிவிட்டாய், அது போதும். இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்கிற வரையில் அந்தச் சத்தியம் நிற்கட்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். வாய் வரவில்லை. உன் அம்மாவுக்கு வாய் வராத சங்கதி ஒன்று இருக்கும் என்று நீ நம்ப மாட்டாய். மீன்காரியிலிருந்து பங்குச் சாமியார் வரைக்கும் யாரையும் விட்டுவைக்காத வாய் இது. இதை மட்டும் எட்டு வருஷமாகச் சொன்னதில்லை. எழுதுவதென்றால் நடுவில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வரலாம். மூன்று நாளாக எழுதுகிறேன். நான்கு முறை கிழித்தாயிற்று, இது ஐந்தாவது.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் முடிந்து உனக்குக் கல்யாணம். வரவேற்பு நம் கோயில் மைதானத்தில். அன்றைக்கு உன் அண்ணன் ஜெரோமின் கிதாரை நீ வாசிக்க வேண்டும் என்று ஸ்டெல்லா ஆசைப்படுகிறாள். நல்ல பெண். ஆனால் அந்தக் கிதாரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் பாட்டுக்கு முன்னால் ‘உம்ம்’ என்ற இரைச்சல்தான் வருகிறது. அதனால் கம்பியின் அதிர்வைப் பிடித்து அனுப்பக் கம்பிகளுக்குக் கீழே இருக்கிற இரண்டு பிக்கப்பையும் கழற்றிவிட்டுப் புது ஹம்பக்கர் போடப் போகிறாய். பெங்களூர்க் கடைக்காரன் இரண்டு செட் காட்டியிருக்கிறான். ஒன்று மீட்டரில் பதினைந்து கிலோ ஓம் காட்டுவது, பெரிய சத்தம், விலையும் பெரிசு. இன்னொன்று எட்டு கிலோ ஓம், சாதுவான சத்தம். “உங்க அம்மா காயில் சுத்தறவங்கதானே, அவங்களையே கேளு” என்று ஸ்டெல்லா சொன்னாளாம். வரப்போகிற மருமகள் என் தொழிலை மதிக்கிறாள் என்று சந்தோஷப்பட வேண்டியவள், அதை விட்டுவிட்டு உன்னிடம் சத்தியம் கேட்டேன்.

எட்டு கிலோ ஓம் செட்டையே வாங்கு. காயிலில் சுற்று ஏற ஏறச் சத்தம் ஏறும், அது எல்லோருக்கும் தெரியும். சுற்று ஏறினால் கம்பியின் மேல் சுருதியெல்லாம் உள்ளேயே அமுங்கிப்போகும் என்பது சுற்றினவளுக்குத் தெரியும். பதினைந்து என்று போட்டிருந்தால் கூரையே அதிரும், ஆனால் ஆறு கம்பியும் ஒரே கம்பியாகக் கேட்கும். உன் அண்ணன் விரலால் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு வாசித்தவன், நீயும் அப்படித்தான். கழுத்துப் பக்கம் போடுகிறதில் சுற்று கொஞ்சம் குறைவாகவும், கம்பியின் அடிமுனை கட்டியிருக்கிற பிரிட்ஜ் பக்கம் போடுகிறதில் கொஞ்சம் அதிகமாகவும் இருக்க வேண்டும். பிரிட்ஜ் அருகில் கம்பி அவ்வளவாக ஆடாது, அதனால் அங்கே பிக்கப்பின் காது கூர்மையாக இருக்க வேண்டும். பிக்கப்பின் இரும்புக் குமிழ்கள் ஒவ்வொன்றும் உன் கிதாரின் கம்பிக்கு நேர் கீழே வருகிறதா என்று அளந்து பார்த்து வாங்கு. காயிலை மெழுகில் முக்கி எடுத்ததா என்று கேள். முக்காததென்றால் சத்தம் கூட்டினதும் கீச்சென்று கத்தும். கடைக்காரன் முன்னால் மீட்டர் வைத்துப் பார்க்க வெட்கப்படாதே. அவன் முறைத்தால் முறைக்கட்டும்.

இனி, பழைய பிக்கப் ஏன் இரைகிறது என்று சொல்கிறேன். ஹம்பக்கர் என்பது ஒரு காயில் இல்லை, ஒட்டி உட்கார்ந்த இரண்டு காயில். ஒன்று இந்தப் பக்கம் பார்த்தால் மற்றது அந்தப் பக்கம் பார்க்கும். சுவரிலும் விளக்கிலும் ஓடுகிற கரண்டின் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கம்பியின் பாட்டு மட்டும் இரண்டிலும் சேர்ந்து வரும். உன் கிதாரில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பில் இரண்டில் ஒரு காயில் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிச் செத்துக் கிடக்கிறது. எட்டு காட்ட வேண்டிய மீட்டர் நாலுதான் காட்டும். ஒற்றைக் காயிலுக்கு இரைச்சலை அடிக்க ஆள் இல்லை, அதனால் இரைகிறது. நீ அதைத் திறந்து பார்க்கவில்லை. பெங்களூர்க் கடைக்காரனும் பார்க்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். எட்டு வருஷமாகத் தெரியும்.

உன் அப்பா போனபோது உனக்கு நாலு வயசு, ஜெரோமுக்கு ஏழு. நம் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் டியூப்லைட் சோக்கு செய்கிற கம்பெனியில் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் காயில் சுற்றினேன். கம்பெனியை மூடினதும் வீட்டு முன்னறையில் கை மெஷின் போட்டு ஃபேன், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் என்று சுற்றினேன். குருசுக்குப்பத்திலிருந்து கூட மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு வருவார்கள். எல்லோரும் கறுப்பு டேப் ஒட்டுகிற இடத்தில் நான் வெள்ளை காட்டன் டேப் சுற்றிக் கட்டுவேன். வெள்ளை டேப்பைப் பார்த்தாலே இது அந்தம்மா கைவேலை என்று சொல்வார்கள். அந்தப் பேரில் எனக்கு எவ்வளவு கர்வம் என்று உனக்கு நினைவிருக்கும். இன்னொரு பழக்கமும் கம்பெனியிலிருந்து என்னோடு வந்தது. டெஸ்ட் பெஞ்சில் சோக்கை வைத்துப் பார்க்கும்போது இரைச்சல் கலந்தால் ரீடிங் சரியாக வராது. உடனே சூப்பர்வைசர் “எர்த்தை எடும்மா” என்பார். பச்சை வயரைக் கழற்றிவிடுவோம், இரைச்சல் அடங்கும், ரீடிங் எழுதுவோம். தினம் நூறு தரம். அப்போது எங்கள் காலடியில் விரல் தடிமனுக்கு ரப்பர் பாய் விரித்திருக்கும். அந்தப் பாயை நான் ஒரு நாளும் பெரிதாக நினைத்ததில்லை. கால் வலிக்காமல் இருக்கப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். கரண்ட் எங்கள் வழியாகத் தரைக்குப் போகாமல் தடுத்ததே அதுதான்.

கிதாரும் ஆம்ப்பும் பிரான்ஸிலிருந்து உன் மாமா கொண்டுவந்தது. கஸ்டம்ஸில் நின்று, டாக்ஸியில் கட்டி, பிரெஞ்சில் நன்றி கேட்டு “மெர்சி சொல்லுடா” என்று ஜெரோம் மடியில் வைத்தபோது உன் அண்ணன் அழுதுவிட்டான். ஆம்ப்பில் பிரெஞ்சு பிளக் இருந்தது, நம் ஊர் சுவரில் நுழையாது. அதை வெட்டிவிட்டு நம் மூணு பின் பிளக் போட்டுக் கொடுத்தவள் நான்தான். அப்போது மூன்று வயரையும் ஒழுங்காகத்தான் மாட்டினேன். ஆம்ப்பும் புதிசில்லை, யாரோ வாசித்துக் கழித்தது. நம் வீட்டு உப்புக் காற்றில் மூன்று வருஷம் கிடந்ததில் உள்ளே டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்துகொண்டிருந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. அதுதான் என் கணக்கில் நான் எனக்குக் கொடுத்துக்கொள்கிற ஒரே சலுகை.

தெரிந்திருக்க வேண்டியது வேறு. எட்டு வருஷத்துக்கு முன்னால் நம் கோயில் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கிதாரில் இரைச்சல் வர ஆரம்பித்தது. ஜெரோம் என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். “அம்மா, இதுக்குள்ளயும் காயில்தாம்மா. ஒருவாட்டி மீட்டர் வச்சிப் பாரேன்” என்றான். எனக்கு அன்றைக்கு நான்கு மோட்டார் பாக்கி. “தலைமுடி கணக்கா கம்பி, அது ஒரு காயிலா? பொம்மைக்கெல்லாம் மீட்டர் வைக்க எனக்கு நேரமில்ல. போடா” என்றேன். அடுத்த நாளும் கேட்டான், அதே பதில். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். ஊர் காயிலையெல்லாம் பார்த்தவள் வீட்டுக் காயிலைப் பார்க்கவில்லை. மீட்டர் வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா டேனி? கம்பி முனையைத் தேடிப் பிடிக்கிறதோடு சேர்த்து இரண்டு நிமிஷம்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் மைதானத்தில் மேடை கட்டியாயிற்று. மைக்செட் ராஜவேலுவுடையது. உங்கள் இரண்டு பேருக்கும் அவர் ராஜவேலு அண்ணன். முத்தியால்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர். வேறு சாமி கும்பிடுகிறவர் என்றாலும் நம் கோயில் கொடியேற்றம் அவர் மைக்செட் இல்லாமல் நடந்ததில்லை. கிதார் ஆம்ப்பை அவர் செட்டோடு இணைத்ததும் இரைச்சல் இரண்டு பங்காகிவிட்டது. ஜெரோம் வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு ஓடிவந்தான். “ராஜவேலு அண்ணன் பாத்துட்டு, ஒயர்ல கோளாறு இல்ல, கிதார் காயில்லதான் கோளாறு, உங்க அம்மாகிட்ட குடுத்துப் பாக்கச் சொல்லுன்னாரு” என்றான். கேட்டதும் எனக்குச் சுள்ளென்று ஏறியது. மைக்செட்காரன் எனக்குக் காயிலைப் பற்றிச் சொல்லித் தருவதா? ஸ்க்ரூடிரைவரையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நீயும் கூட வந்தாய். அப்போது உனக்குப் பதினெட்டு.

நாம் போனபோது ராஜவேலு தெரு முனையில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார். ஆம்ப்பின் பிளக்கைத் திறந்தேன். மூன்று ஸ்க்ரூவையும் உன் உள்ளங்கையில் கொட்டினேன், நீ மூடிப் பிடித்துக்கொண்டாய். பச்சை வயரைக் கழற்றினேன். மடக்கி வெள்ளை டேப் சுற்றினேன். மூடி மாட்டினேன். இரைச்சல் பாதி அடங்கிவிட்டது. இரண்டு செட்டின் எர்த்தும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போட்ட இரைச்சல் அது, அந்தப் பாதிதான் நின்றது. காயில் போட்ட இரைச்சல் அப்படியேதான் இருந்தது. ஆனால் பாதி அடங்கினதே அந்த நேரத்தில் அமைதி மாதிரி இருந்தது. “அம்மான்னா அம்மாதான்” என்று ஜெரோம் கையைத் தட்டினான். “என்னம்மா பண்ணினே?” என்று நீ கேட்டாய். “ஒண்ணுமில்ல, லூஸ் காண்டாக்ட். டைட் பண்ணேன்” என்றேன். அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். செய்தது தப்பு என்று எனக்கு எங்கேயோ தெரிந்திருந்தது. அதற்கு மேல் எனக்கு விளக்கம் இல்லை.

ஐந்தரை மணிக்குத் தூறல் போட்டு நின்றது. மேடையில் மாதா சுரூபத்துக்குப் பீடம் வைத்திருந்ததால் பாடல் குழுவில் எல்லோரும் செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறினார்கள். ஜெரோமும் கழற்றினான். அந்தச் செருப்பை நான்தான் ஓரமாக ஒதுக்கி வைத்தேன். கிதாரை மாட்டினான், கம்பிகளின் மேல் கையை வைத்தான், மைக்கிடம் குனிந்து “செக்” என்றான். இரண்டாவது ‘செக்’ வரவில்லை. உதடு மைக்கில் பட்டிருந்தது. மிச்சத்தை நீயும் பார்த்தாய். நான் எழுத வேண்டியது நீ பார்க்காததைத்தான். அதற்குள் இன்சுலேஷன் முழுசாக விட்டுப்போன ஆம்ப்பிலிருந்து கரண்ட் கிதாரின் கம்பிக்கு வந்து நின்றுகொண்டிருந்தது. பச்சை வயர் இருந்திருந்தால் அதன் வழியாகத் தரைக்குப் போயிருக்கும், ஃபியூஸ் போயிருக்கும், இரண்டு திட்டு திட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்திருப்போம். அந்த வழியை நான் அடைத்துவிட்டேன். அது உன் அண்ணன் வழியாக, மைக்கிலும் ஈர மேடையில் நின்ற வெறுங்காலிலும் இறங்கிப் போயிற்று. என் பிள்ளையை நான்தான் கொன்றேன் டேனி. எட்டு வருஷத்தில் இந்த வாக்கியத்தை இன்றைக்குத்தான் முதல் தரம் எழுதுகிறேன்.

உதடு மைக்கில் பட்டதை எல்லோரும் பார்த்தார்கள். மைக் ராஜவேலுவுடையது. “மைக்ல கரண்ட் வுட்டுட்டான்” என்று ஒருத்தர் சொன்னதும் ஊர் பிடித்துக்கொண்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அன்றைக்கு ஊர் வாயை மூட என் ஒரு வாய் போதும், நான் திறக்கவில்லை. கோயில் வாசலில் அவரை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவருடைய ஸ்பீக்கர் பெட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெரோமின் தலை என் மடியில் இருந்தது. நீ ஓடிப்போய் அவர் இடது கன்னத்தோடு காதைச் சேர்த்து அறைந்தாய். ஒரு தரம் இல்லை. நான் எண்ணவில்லை. அவர் கையைக் கூட உயர்த்தவில்லை, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். “டேய் விடுடா, அவர் இல்லடா” என்று என் தொண்டை வரைக்கும் வந்தது. அதை முழுங்கினேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்று எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனசு வரவில்லை. போலீஸ் அவரை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விட்டது. போலீஸில் யாரும் பிளக்கைத் திறந்து பார்க்கவில்லை. அதற்கப்புறம் நம் பக்கத்தில் அவர் மைக்செட்டை யாரும் கூப்பிடவில்லை.

ஒரு மாசம் கழித்துக் கிதாரும் ஆம்ப்பும் வீட்டுக்கு வந்தன. நீ காலேஜுக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கிதாரைப் பிரித்தேன். அன்றைக்குத்தான் மீட்டர் வைத்தேன். நாலு. அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். நீ வந்து கதவைத் தட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ராஜவேலு பிக்கப்பைப் பிரித்துப் பார்க்காமலே காதால் கேட்டுச் சொன்னது சரி. ஆம்ப்பைச் சுத்தியால் உடைத்து, பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். “அண்ணன் ஆம்ப்பை ஏம்மா உடைச்சே?” என்று நீ என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. கிதாரை மட்டும் உடைக்க முடியவில்லை. அந்தக் காயிலை மாற்றவும் முடியவில்லை. அந்த வருஷத்திலிருந்து நான் கோயிலில் நன்மை வாங்க, சாப்பிடாமல் போய் வாங்க வேண்டிய அந்தப் பூசை அப்பத்தை வாங்க, போவதில்லை. “காலையிலயே இட்லியை முழுங்கிட்டு வந்து சர்க்கரை வியாதின்னு சாக்கு சொல்லுது” என்று நீ கேலி பண்ணுவாய். எனக்குச் சர்க்கரை இல்லை. சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லாமல் நன்மை வாங்க முடியாது, சொல்லவும் முடியவில்லை. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ என்ன கேட்டாய் என்று உனக்கே நினைவிருக்காது. “பிக்கப் வர்றதுக்கு நாளாகும்மா. அதுவரைக்கும் எர்த் பின்னைக் கழட்டிடு, சத்தம் போயிடும்ங்கறான் இங்க கூட வாசிக்கிறவன். நீகூட அன்னிக்கு அண்ணன் பிளக்கைத் திறந்து என்னமோ டைட் பண்ணி நிறுத்தினியே, எந்த ஸ்க்ரூ அது?” என்று கேட்டாய். நான் சொன்ன பொய்யை எட்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்து, என்னிடமே வழி கேட்கிறாய். சொல்லாமல் இருந்தால் இரண்டாவது பிள்ளையையும் கொன்றுவிடுவேன் என்று அப்போதுதான் உறைத்தது. அதனால்தான் சத்தியம்.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் சொல்ல வேண்டிய ஆள் வேறொருத்தர். செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் பிடித்துப் பெரிய மார்க்கெட்டில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் தேங்காய்த்திட்டுக்குப் போனேன். ராஜவேலு துறைமுகத்தில் மீன் பெட்டிக்கு ஐஸ் போடுகிற வேலையில் இருக்கிறார் என்று நாலு வருஷத்துக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் நான் அந்தப் பக்கம் மீன் வாங்கப் போவதில்லை. ஏலம் நடந்துகொண்டிருந்தது. பின்னால் நின்று “ராஜவேலு” என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டும் திரும்பவில்லை. பக்கத்தில் இருந்தவன், “இந்தாண்ட வந்து பேசும்மா. அவருக்கு அந்தக் காது கேக்காது” என்றான். வலது பக்கம் போனேன். என்னைப் பார்த்ததும் ஐஸ் அள்ளுகிற தட்டைக் கீழே வைத்தார்.

“காது எப்பலேர்ந்து?” என்று கேட்டேன். முதலில் கேட்க வந்தது அதில்லை, வாயில் வந்தது அதுதான்.

“எட்டு வருசமா” என்றார்.  காதை வைத்துப் பிழைத்த மனுஷன், டேனி.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை வயர், டேப், லூஸ் காண்டாக்ட் என்று சொன்ன பொய், மீட்டர் காட்டிய நாலு.  முடித்ததும், “தெரியும்க்கா” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “என்னா தெரியும்?”

“அன்னிக்கே தெரியும். புள்ளைய தூக்கினதும் பிளக்கைப் பிரிச்சிப் பாத்தேன். பச்சை ஒயரை மடக்கி வெள்ளை டேப் சுத்தியிருந்துது. இந்த ஊர்ல வெள்ளை டேப் சுத்தற கை எதுன்னு எனக்குத் தெரியாதா? அப்படியே மூடி வச்சிட்டேன்.”

“அப்ப ஏன் சொல்லல? உன்னை அடிச்சாங்களே.”

“புள்ளைய மடியில போட்டுக்கினு உக்காந்திருந்தே. உங்கிட்ட வந்து, நீதான் கொன்னேன்னு சொல்லச் சொல்றியா?” ஐஸ் பெட்டி ஒன்றை நகர்த்தி வைத்தார். பிறகு, “அன்னிக்கு நான் சொல்லல. சரி, நீயா ஒரு நாளு சொல்லுவேன்னு இருந்தேன். ஒரு மாசம் பாத்தேன். ஒரு வருசம் பாத்தேன். அப்பறம் வுட்டுட்டேன்” என்றார்.

நான் அவர் காலில் விழக் குனிந்தேன். அவர் நகர்ந்துகொண்டார். கோபமாக இல்லை, மீன் தண்ணீர் மேலே படாமல் ஒதுங்குவது போல ஒதுங்கினார். “என் மூஞ்சைப் பாத்துச் சொல்லி என்னா ஆவப்போவுது? எனக்குத் தெரிஞ்சதுதானே. கோயில் வாசல்ல எத்தினி பேரு கொலைகாரன்னாங்க. அங்க போயிச் சொல்லு” என்றார். தட்டைக் கையில் எடுத்தார். “ஐஸ் கரையுது. போக்கா.”

மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது, அன்றைக்கு அவரை நிறுத்தி வைத்திருந்த அதே வாசலில் நின்று சொல்லப் போகிறேன். சாமியாரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், வெளியிலும் சொன்னேன். யார் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. வெள்ளை டேப் பேர் அன்றோடு போகும். போகட்டும். போக வேண்டிய பேர்தான் அது. இந்தக் கடிதத்தை ஸ்டெல்லாவிடம் படித்துக் காட்டு. எந்த வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிந்துகொண்டு அவள் வரட்டும். கல்யாணத்தில் என்னை முன் வரிசையில் உட்கார வைப்பதும் வைக்காததும் உன் இஷ்டம். “அம்மா, நீ வேணும்னு செய்யலையே” என்று போன் பண்ணி ஆறுதல் சொல்லாதே. வயரைக் கழற்றினது வேண்டுமென்று செய்ததில்லை. எட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது வேண்டுமென்று செய்ததுதான். உன் கையை ஒரு நிரபராதியின் மேல் விழ விட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததும் வேண்டுமென்று செய்ததுதான். அந்தப் பாவத்தில் உனக்குப் பங்கு இல்லை, அதை நான் தலைக்கு மேல் தூக்கிக்கொள்கிறேன். ஆனால் அடித்த கை உன்னுடையது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லித்தர முடியாது. எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

புது பிக்கப் போட்டதும் பழையதைத் தூக்கிப் போடாதே, எனக்கு அனுப்பு. செத்த காயிலோடு சேர்த்து அப்படியே அனுப்பு. உன் ஆம்ப் பிளக்கை இப்போதே சுவரிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு, திறந்து பார். மூன்று பின்னில் பெரியதில் பச்சை வயர் இருக்கிறதா, இழுத்தால் வராமல் கெட்டியாக இருக்கிறதா என்று பார். சுவரில் எர்த் இருக்கிறதா என்று தெரிந்த ஆளை வைத்துப் பார்க்கச் சொல். எவன் என்ன சொன்னாலும் அந்த வயரைத் தொடாதே. பிக்கப் வருகிற வரைக்கும் கிதார் இரையட்டும். இரைகிற கிதாரை வாசித்து யாரும் செத்ததில்லை. இவ்வளவையும் பார்த்த பிறகு உன் சத்தியம் தீர்ந்தது.

இதை இன்றைக்கே கூரியரில் போடுகிறேன். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் ஏறினால் ஞாயிறு பூசைக்கு முன்னால் வந்துவிடலாம். வா என்று நான் சொல்லவில்லை. வந்தால், கோயில் வாசலுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, தேங்காய்த்திட்டுக்குப் போ. அவரைப் பின்னாலிருந்து கூப்பிடாதே. வலது பக்கம் போய் நின்று பேசு.

அம்மா